மருதையாற்று ஸ்டேஷன் மாஸ்டர்

மருதையாறு மணிக்கு எவ்வளவு தூரம் நடக்கும் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே மனிதரோடு நான் பதினோரு வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பதினோரு வருடத்தில் பத்தரை வருடம் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அரியலூரில் ஓர் அரசு அலுவலகம். எது என்று சொல்ல மாட்டேன். அங்கே நாலைந்து பேர் இன்னும் ஓய்வு பெறாமல் இருக்கிறார்கள். நான் சூப்பிரண்டு, அவர் ரெக்கார்டு கிளார்க். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ஸ்டேஷன் மாஸ்டர். ரயில்வேக்கும் அவருக்கும் ஒரு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஆபீசிலிருந்து ஸ்டேஷன் கூப்பிடு தூரம்தான், ஆனாலும் அவர் ரயிலேறி நான் பார்த்ததில்லை. அவர் நடத்தியது ஆற்றுக்கான ஸ்டேஷன்.

மருதையாற்றைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அது பச்சைமலையில் பிறக்கிறது. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் நடுவே வளைந்து வளைந்து வந்து, அரியலூர்ப் பக்கம் இறங்கி, கடைசியில் கொள்ளிடத்தில் போய்ச் சேர்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நேரில் போனால் மணல் இருக்கும், சீமைக்கருவேல் இருக்கும், மூன்று கிரிக்கெட் ஸ்டம்ப் இருக்கும், தண்ணீர் மட்டும் இருக்காது. எங்கள் பக்கத்து மண்ணைத் தோண்டினால் சங்கும் கிளிஞ்சலும் கல்லாகிக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் கடலே இங்கேதான் இருந்ததாம். கடல் வந்து போன ஊருக்கு வர, வருடத்தில் பதினோரு மாதம் யோசிக்கும் இந்த ஆறு.

ஐப்பசியில் மலைமேல் நல்ல மழை பெய்தால் யோசனையை முடித்துக்கொண்டு கிளம்பும். கிளம்புவது என்றால் சினிமாவில் வருகிற மாதிரி கரை புரண்டு அல்ல. கொதிக்கிற மணல் குடித்தது போக மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான் முன்னால் நகரும். வழியில் மணல் அள்ளிய குழி வந்தால் அது நிறைகிற வரைக்கும் அங்கேயே நிற்கும். கருவேலங்காட்டுக்குள் நுழைந்துவிட்டால் எப்போது வெளியே வரும் என்று அதற்கே தெரியாது.

"குழிதான் சார் ஸ்டேஷன்," என்பார் எங்கள் ஆள். "நெறைஞ்சாத்தான் கிளம்பும். கருவக்காடு சிக்னல். அங்கதான் கொஞ்சம் இழுத்துரும்."

"இது எக்ஸ்பிரஸா பாசஞ்சரா மாஸ்டர்?"

"கூட்ஸ் சார்," என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.

ஆபீசுக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவருக்கென்று ஒரு சிலேட்டு தொங்கியது. மலையில் மழை விழுந்த அன்றே அதில் சாக்பீசால் எழுதிவிடுவார். 'மருதையாறு. நம்மூர் வருகை: வியாழன் மாலை 4.20.' மறுநாள் அதை அழித்து, 'சுமார் மூன்று மணி நேரம் தாமதம்' என்று எழுதுவார். டீ குடிக்க வருகிற சிமெண்ட் லாரிக்காரர்கள் ஏதோ ரயில் விவரம் என்று நினைத்துக்கொண்டு கடைக்காரரிடம் டிக்கெட் விலை கேட்டிருக்கிறார்கள்.

இந்தத் தகவலெல்லாம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்றால், ஆற்றோரமாக ஆள் வைத்திருந்தார். மலையடிவாரத்தில் வெங்காயம் போடும் முருகேசன் அவுட்டர் சிக்னல். எங்களுக்கு மேற்கே, பாலத்தடியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் சலீம் பாய் ஹோம் சிக்னல். தண்ணீர் தங்களைத் தாண்டியதும் போன் போட்டுச் சொல்வது இவர்கள் வேலை. ஒரு முறை நான்தான் நவீனமாக இருக்கட்டுமே என்று வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துக் கொடுத்தேன். முதல் வாரத்தில் நூற்றுக்கணக்கில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வந்து இறங்கின. தண்ணீர் வந்த செய்தி அதற்கு நடுவே எங்கேயோ மூழ்கிப் போயிற்று. "ஆறு வர்றதுக்குள்ள இதுல நாமதான் அடிச்சுக்கிட்டுப் போயிருவோம் சார்," என்று சொல்லிவிட்டுத் தன் பட்டன் போனுக்கே திரும்பிவிட்டார்.

சிலேட்டோடு நிறுத்தியிருந்தால் ஊரில் நல்ல பேரோடு இருந்திருப்பார். மனிதர் வருடா வருடம் லீவு போட்டுவிட்டு, பஸ் பிடித்து மேற்கே போய், தண்ணீரின் முனை எங்கே வந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து அதன் கூடவே நடந்து வருவார். அது நடந்தால் நடப்பார். அது குழியில் நின்றால் கரையில் உட்கார்ந்துகொள்வார். கொள்ளிடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, முழங்கால்வரை சேறோடு வேலைக்கு வருவார். ஒவ்வொரு வளைவிலும் எத்தனை மணிக்குத் திரும்பியது என்று ஒரு சின்ன டைரியில் குறித்து வைத்திருப்பார்.

"எதுக்கு மாஸ்டர் இந்த நடை?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வெளியூர்லேருந்து ஆளு வந்தா பஸ்ஸ்டாண்டுக்குப் போயிக் கூட்டியாறதில்லீங்களா சார்?" என்றார்.

அவருடைய விடுப்பு விண்ணப்பம் எங்கள் ஆபீசில் பிரசித்தம். 'மருதையாறு வருவதை முன்னிட்டு மூன்று நாள் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு வேண்டுகிறேன்.' சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த ஆபீசர் இதைப் படித்துவிட்டு, யாரோ மருதை என்ற அம்மாள் வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, சிவப்பு மையில் 'வருபவரின் உறவுமுறை குறிப்பிடுக' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். இவர் அதற்குக் கீழே நீல மையில் 'பக்கத்து வீடு' என்று எழுதி மறுபடியும் வைத்தார். பொய்யில்லை. அவர் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் ஆறுதான். ஆபீசர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பிறகு விஷயம் தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. கோபம் ஆர்வமாக மாறி, ஒரு நாள் ஸ்டேஷன் மாஸ்டரையும் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார். சிலேட்டுக் கணக்குப்படி வருகை மாலை 4.20. நாங்கள் மூன்றரைக்கே போய் வறுகடலையோடு உட்கார்ந்துகொண்டோம். நாலு இருபது ஆயிற்று, நாலரையும் ஆயிற்று. ஆபீசர் கடலைத் தோலை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். நாலு முப்பத்தைந்துக்கு வளைவில் சருகைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் தலை காட்டியது. ஆபீசர் கையிலிருந்த கடலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்று கைதட்டினார். ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மட்டும் செத்துப் போயிருந்தது.

"மன்னிச்சுக்குங்க சார். பதினஞ்சு நிமிஷம் லேட்டு. மேல யாரோ புதுசா ஒரு குழி வெட்டியிருக்கானுங்க. எனக்குத் தகவல் வரல. தகவல் இருந்தா இப்படி ஆயிருக்காது."

ஓர் ஆறு லேட்டாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்ட அரசு ஊழியரை அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் ஆபீசில் மூன்று மாதம் லேட்டான ஃபைலுக்கே யாரும் வருத்தம் தெரிவிப்பதில்லை.

இதெல்லாம் நமக்கு வேடிக்கை. அவருக்குத் தேன்மொழி என்று ஒரு பெண் இருந்தாள். பெரம்பலூரில் ஒரு லேபில் வேலை, நல்ல சம்பளம், அப்பாவைவிட நாலு மடங்கு தெளிவு. அவளுக்கு இரண்டு வரன் தட்டிப் போயிற்று, இரண்டுமே ஆற்றால்.

முதல் வரன்காரர்கள் எங்கள் டீக்கடையில் வந்து விசாரித்தார்கள். கடைக்காரர் நல்ல எண்ணத்தோடுதான் பதில் சொன்னார். "தங்கமான மனுஷங்க. வருஷத்துக்கு ஒரு தரம் ஆத்தோட போயிருவாரு, அவ்ளோதான்." அவர்கள் டீயை முழுசாகக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்கள். இரண்டாவது வரன்காரர்கள் பெண் பார்க்க வீட்டுக்கே வந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர்தான் வீட்டில் இல்லை. தண்ணீரோடு பத்து கிலோமீட்டர் தள்ளி நடந்துகொண்டிருந்தார். "பொண்ணோட அப்பா எங்கங்க?" என்று கேட்டதற்கு அவர் மனைவி பார்வதி என்ன சொல்ல முடியும்? காபி கொடுத்தார். அதோடு முடிந்தது.

மூன்றாவதாக ஒரு நல்ல இடம் வந்தது. ஆற்றுக்குத் தென்கரை. பையன் பாலிடெக்னிக்கில் வாத்தியார். தேன்மொழிக்கும் பிடித்திருந்தது. விசாரிப்பதற்காகப் பையனின் பெரியப்பா நேரே என்னிடமே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை, எதையும் இரண்டு தடவை கேட்கிற குரல்.

"ஆளு எப்படிங்க? ஆத்தோட ஏதோ கோளாறுன்னு கேள்விப்பட்டோம்."

"அதெல்லாம் அந்தக் காலத்துலங்க. இப்ப ஆறே ஒழுங்கா வர்றதில்லையே."

"எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க. பொண்ணு வூட்டு அப்பன் சபையில இருக்கணும். தட்டு மாத்தி, பந்தி முடிஞ்சு, நாங்க வண்டியேறுற வரைக்கும் இருக்கணும். ஆளு இல்லன்னா தட்டோட திரும்பிப் போயிருவோம். இருப்பாருங்களா?"

"இருப்பாருங்க. நான் ஜவாப்தாரி," என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சூப்பிரண்டாக இருப்பவனுக்கு எதற்கும் பொறுப்பேற்கிற பழக்கம் கிடையாது.

நிச்சயதார்த்தம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. பத்து நாள் முன்னால் பார்வதி ஆபீசுக்கே வந்து, ஒரு மஞ்சப்பையை என் மேஜைமேல் வைத்தார். உள்ளே ஸ்டேஷன் மாஸ்டரின் போன் இருந்தது.

"அண்ணே, இது வூட்டுல இருந்தா இவரு வூட்டுல இருக்க மாட்டாரு. தட்டு மாத்தற வரைக்கும் நீங்களே வச்சிருங்க. பொண்ணு தலையில கைய வச்சு சத்தியம் வாங்கிட்டேன். ஆத்தைப் பத்திப் பேசக் கூடாது, ஆத்துல எறங்கக் கூடாது."

பின்னால் நின்றிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் மெல்லக் கேட்டார். "கரையில நிக்கலாமா?"

"கூடாது."

"மாடியிலேருந்து பாக்கறது?"

"கூடாது!"

"கொல்லைக் கதவு..."

"ஆணி அடிச்சாச்சு."

அந்தப் பத்து நாளும் அவர் பட்ட பாடு இருக்கிறதே. ஆபீசில் யாராவது "மழை வரும்போல இருக்கு" என்றால் எழுந்து ரெக்கார்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். டீக்கடையில் சிலேட்டு வெறுமனே தொங்கியது. லாரிக்காரர்கள், "என்னண்ணே, வண்டி கேன்சலா?" என்று விசாரித்தார்கள்.

போன் என்னிடம் இருந்ததால் அழைப்பெல்லாம் எனக்கு வந்தது. சனிக்கிழமை மத்தியானம் முருகேசன் கூப்பிட்டார்.

"மாஸ்டரா? மலை மேல கொட்டு கொட்டுனு கொட்டுது. எங்க காட்டைத் தாண்டிருச்சு!"

"மாஸ்டர் லீவுல இருக்காருங்க," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஆறரைக்கு சலீம் பாய். "அஸ்ஸலாமு அலைக்கும் மாஸ்டர்! பாலத்தைத் தாண்டிருச்சு. மாஷா அல்லாஹ், இந்த வருஷம் என்னா நுரை! வாங்க, வாங்க!"

சலீம் பாயிடம் விஷயத்தைச் சொல்லி, "பாய், இன்னைக்கு மட்டும் கூப்பிடாதீங்க" என்று கெஞ்சிவிட்டு போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். பாலத்திலிருந்து இந்த ஆறு வந்து சேர எப்படியும் மத்தியானம் ஆகிவிடும். அதற்குள் தட்டு மாற்றி, சாப்பிட்டு, கையும் கழுவியிருப்பார்கள். ஒரு மனிதனை ஒழுங்காக இருக்கவைக்கிற புண்ணியம் நமக்கு, என்று நினைத்துக்கொண்டு சட்டையை இஸ்திரி போட்டேன்.

ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்குப் போனபோது பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றி நிறைய விபூதியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே சுவர்க்கடிகாரம். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டுக்கு மேல் எமகண்டம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும்.

பத்து மணிக்கு வரவில்லை. பத்தரைக்கும் வரவில்லை. பதினோரு மணிக்குப் பார்வதியின் போன் அடித்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். பெரியப்பாவின் குரல்.

"அம்மா, நாங்க தென்கரையில நிக்கிறோம். ஆத்துக்குள்ள வண்டிப்பாதையில எறங்கலாம்னு பாத்தா, தண்ணி வருதுங்கிறாங்க. பாலம் சுத்தி வந்தா பன்னெண்டைத் தாண்டிரும். எறங்கலாமா, வேணாமா? சகுனம் சரியில்ல, திரும்பிரலாம்னு பொம்பளைங்க சொல்றாங்க."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்தைந்து வருடமாக யாரும் கேட்காமலே ஆறு எப்போது வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், எல்லோரும் கேட்கிற ஒரே நாளில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு மகளின் தலையைக் காட்டி, தன் வாயைக் காட்டி, கையை விரித்தார்.

"அட, சொல்லித் தொலைங்களேன்!" என்று பார்வதி கத்தினார்.

அவர் மறுபடியும் மகளின் தலையைக் காட்டினார். தேன்மொழி நகையெல்லாம் குலுங்க அறையிலிருந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

"அப்பா, என் தலைக்கு ஒண்ணும் ஆகாது. சத்தியத்தை நான் திருப்பிக் குடுத்துட்டேன். பேசுங்க."

அவர் உடனே என் பக்கம் திரும்பினார். "சார், சலீம் பாய் பேசுனாரா?"

"காலைல ஆறரைக்கு. பாலத்தைத் தாண்டிருச்சுன்னார்."

"அப்புறம்?"

"அப்புறம்... போனை அணைச்சுட்டேன்."

பையிலிருந்து போனை எடுத்துப் பட்டனை அழுத்தினேன். சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. பத்து நாளாக அதற்குச் சார்ஜ் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாட்ஸ்அப் குழுவை நம்பர்களோடு நான் எப்போதோ அழித்துவிட்டேன்; சலீம் பாயின் நம்பர் அதற்குள்ளேதான் இருந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரலை மடக்கி மடக்கி ஏதோ முணுமுணுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று இரண்டு.

"அம்பது நிமிஷம் இருக்கு," என்றார் போனில், கணீரென்று. "பதினொண்ணு அம்பத்திரண்டுக்குத்தான் வரும். வண்டி வேணாம், மணல்ல பொதைஞ்சுரும். எல்லாரும் நடந்து வாங்க. வண்டிங்க பாலம் சுத்தி வரட்டும். தைரியமா வாங்க சம்பந்தி, நான் சொல்றேன்."

அந்தக் குரலுக்கு நானே இறங்கி நடந்திருப்பேன். அவர்கள் இறங்கினார்கள். நாற்பது பேர் தட்டும் கையுமாக, பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய வந்த காட்சியை நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். மூட்டுவலிக்காரர் ஒருவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். பழத்தட்டிலிருந்து ஓர் ஆப்பிள் உருண்டு ஆற்றின் நடுவே தனியாகக் கிடந்தது. யாரும் அதற்காகத் திரும்பிப் போகவில்லை.

பதினொன்று இருபத்தைந்துக்குக் கடைசி ஆள் கரையேறி, எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சம்பந்தி எங்க?"

நாற்காலி காலியாக இருந்தது. கூடத்தில் இல்லை, மாடியிலும் இல்லை. கொல்லையில் போய்ப் பார்த்தால் கதவில் அடித்திருந்த ஆணி பிடுங்கப்பட்டிருந்தது. பெரியப்பா வேறு யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். 'ஜவாப்தாரி' என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். ஊரே பார்க்க, பெற்ற பெண்ணின் நிச்சயத்தன்று, ஐந்து நிமிடம் பொறுக்க முடியாமல் தண்ணீர் பார்க்கப் போயிருக்கிறாரே, இவரெல்லாம் ஒரு மனிதரா என்று பல்லைக் கடித்துக்கொண்டே மேற்கே ஓடினேன். வளைவில் ஆற்றின் நட்டநடுவே நின்றிருந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் ஒரு மூங்கில் குச்சி, அதன் நுனியில் சீர்த்தட்டை மூட வைத்திருந்த சிவப்புத் துணி.

"என்னய்யா பண்றீர்? அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க!"

"எல்லாரும் ஏறியாச்சா சார்? கடைசி ஆளு வரைக்கும்?"

"ஆச்சு, ஆச்சு. நாற்காலியோட ஏத்தியாச்சு."

அவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாது சார்."

"என்ன தெரியாது?"

"எப்ப வரும்னு. ஆறரைக்கு அப்புறம் தகவலே இல்லாம எப்படிங்க சொல்றது? அம்பது நிமிஷம்னு சும்மா அடிச்சு விட்டேன். வேணாம்னு சொன்னா திரும்பிப் போயிருவாங்க. எம் பொண்ணுக்கு இது மூணாவது. வாங்கன்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம், புள்ளகுட்டியெல்லாம் வருதேன்னு பயமாயிருச்சு. அதான் இங்க வந்து நின்னுட்டேன். தண்ணி தெரிஞ்சா துணிய ஆட்டலாம்னு."

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனைக்கும் காரணம் என் பையில் இருந்த செத்த போன்தான். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் தலையைத் தூக்கி மூக்கை விரித்தார்.

"வாசம் வருது சார்."

எனக்கு ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் கழித்து, சூடான மணல் நனைகிற வாசம் வந்தது. அவர் மேற்கே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இருபத்தைந்து வருடத்தில் ஒரு வருடம்கூட அவர் அதை வரவேற்கத் தவறியதில்லை. கொஞ்ச நேரம் நின்றிருந்தால் போதும்.

"மணி என்ன சார்?"

"பதினொண்ணு முப்பத்தெட்டு."

"வாங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து முன்னால் நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினொன்று ஐம்பதுக்குத் தட்டு மாற்றினார்கள். வளைவில் அவர் காவல் நின்றதை நான் சொன்னதும் பெரியப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜனங்களைப் பத்திரமா கரை சேத்துட்டீங்க சம்பந்தி," என்றார். பிடித்த கையை விடவும் இல்லை. அப்படியே பந்திக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கூடத்தில்தான் பந்தி. இலை போட்டு, கூட்டு வைத்து, சோறு போடும்போது கொல்லைப் பக்கமிருந்து பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். "தண்ணி வந்துருச்சு! தண்ணி வந்துருச்சு!"

ஸ்டேஷன் மாஸ்டரின் கை இலையில் அப்படியே நின்றது. காது மட்டும் கொல்லைப் பக்கம் போயிருந்தது. பந்தியில் பாதிப் பேர் எழுந்து பார்க்க ஓடினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சாம்பாரைப் பிசைந்தார். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. கொல்லை வழியே இறங்கி ஆற்றுக்குப் போனேன்.

என் வாழ்க்கையில் நான் எத்தனையோ ஆறுகளைப் பார்த்திருக்கிறேன். ஆறு வருவதைத் தனியாக நின்று பார்த்ததில்லை. ஒரு சாண் உயரம்கூட இல்லை. சருகையும் நுரையையும் முன்னால் விட்டுப் பின்னால் வந்தது. ஒரு பள்ளத்தில் நின்றது, நிறைந்தது, மறுபடியும் கிளம்பியது. மணலில் கிடந்த அந்த ஆப்பிளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. நானும் கூடவே நடந்தேன். சூப்பிரண்டு என்பதெல்லாம் மறந்து போய், அடுத்த வளைவு வரைக்கும் நடந்தேன்.

திரும்பி வந்தபோது வண்டிகள் பாலம் சுற்றி வந்து சேர்ந்து, மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போயிருந்தன. வாசலில் ஸ்டேஷன் மாஸ்டர் தனியாக நின்றிருந்தார். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் என் கால்சட்டையில் இருந்த ஈரத்தைப் பார்த்தார். பட்டுச் சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்தார்.

"எந்தக் கரையோரமா சார் வந்துச்சு?"

"வடகரையோரமா. நடுவுல ஒரு திட்டு இருக்கில்ல, அதைச் சுத்திக்கிட்டு."

"பள்ளத்துல நின்னுச்சா?"

"மூணு நிமிஷம்."

"முன்னால சருகா, நுரையா?"

"சருகு. அதுக்குப் பின்னால நுரை. நுரையில ஒரு ரப்பர் செருப்பு."

"எந்தக் காலு?"

"இடது."

எல்லாவற்றையும் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டார். கடைசியாகப் பேனாவை நிறுத்தி, "மணி, சார்?" என்றார்.

பிள்ளைகள் கூச்சல் போட்டபோது நான் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். பன்னிரண்டு ஒன்பது. முப்பது வருட உத்தியோகத்தில் ஒரு குறிப்பில் ஒரு நிமிடம் முன்னே பின்னே இருந்தாலும் கையெழுத்துப் போடாதவன் நான்.

"பதினொண்ணு அம்பத்திரண்டு," என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரைட் டைம்," என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில்தான் எனக்கு உறைத்தது. பந்தியில் அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரேதான் அந்தக் கடிகாரம் மாட்டியிருந்தது. கூச்சல் கேட்டபோது மணி என்ன என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டார்.

தேன்மொழிக்கு இப்போது இரண்டு குழந்தைகள். போன வாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தபோது அந்த டைரியை வாங்கிப் புரட்டினேன். அத்தனை வருடக் கணக்கிலும் தப்பான நேரம் அது ஒன்றுதான். மனிதர் அதை இன்னும் திருத்தவில்லை.